பிரசவம் பார்க்கப் போகாத பயணம்

வள்ளிக்கண்ணு வெளிநாடு போகிறார் என்ற செய்தி எங்கள் தெருவில் பரவியபோது, எந்த ஊருக்கு என்று எவரும் கேட்கவில்லை. பால் ஊற்றுகிறவர் முதல் எதிர்வீட்டு ரெங்கம்மாள் வரை எல்லாரும் கேட்ட கேள்வி வேறு.

"அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்லைங்க."

"யாருமே இல்லாத ஊருக்கா போறீங்க?"

"அந்த ஊர்க்காரங்க இருக்காங்க," என்றார் வள்ளிக்கண்ணு.

ஒருவர் கேட்டால் அதை அக்கறை எனலாம். தெருவே கேட்டால் அதற்கு வேறு பெயர் உண்டு. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் கடல் கடந்து போவதென்றால் அந்தக் கரையில் அவளுக்கு ஒரு வேலை காத்திருக்கவேண்டும். மகளோ மருமகளோ பிள்ளை பெறும் நிலையில் இருக்கவேண்டும். அவள் போய்ப் பத்தியச் சமையல் செய்து, பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, விசா முடியும் நாளில் திரும்பி வந்து, காரின் கண்ணாடி வழியே பார்த்த ஊரைப் பற்றி நான்கு வார்த்தை பெருமையாகச் சொல்லவேண்டும். அதைத்தான் நாம் வெளிநாட்டுப் பயணம் என்று அழைத்துவருகிறோம். மருமகனோ மகனோ பாங்காக்குக்குச் சுற்றுலாப் போகும்போது, அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டவர்களை நான் கண்டதில்லை.

வள்ளிக்கண்ணு லால்குடிக்கு அப்பால் உள்ள ஒரு கிராமத்தில், நெல் விளைவிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியில் சேர்ந்து, திருவெறும்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில் மொபெட்டில் அலைந்து, பணிக்காலம் முழுவதையும் பிறருடைய பேறுகாலங்களில் கழித்தவர். கணவர் தமிழ்மணி பொன்மலைப் பணிமனையில் வேலை பார்த்தார். பிள்ளைகள் இல்லை. கணவர் இறந்தபிறகு, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவாகக் கிடக்கும் திருவரங்கத்துக்கு வந்து, என் வீட்டை ஒட்டிய பகுதியில் குடியேறினார். எங்கள் இருவருக்கும் நடுவே இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். அதனால் இங்கே எழுதுவனவற்றுள் சில நானே கேட்டவை. மற்றவை அவர் சொன்னவை.

அவர் ஊர் பார்க்காதவர் அல்லர். திருப்பதிக்குப் போயிருக்கிறார், அண்ணன் மகனுக்கு முடியிறக்க. இராமேசுவரத்துக்குப் போயிருக்கிறார், கணவரின் திதிக்கு. வேளாங்கண்ணிக்குப் போனது உடன் பணியாற்றிய ஒருவரின் நேர்த்திக்கடனுக்குத் துணையாக. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவருடைய காரியம் முன்னே போயிற்று. இவர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னே போனார். இராமேசுவரத்திலும் வேளாங்கண்ணியிலும் கடலில் நின்றது கணுக்கால் அளவு. அதற்கு மேல் ஈரமானால், புடவை உடம்பில் ஒட்டுமே என்று கவலைப்பட உடன் வந்தவர்கள் இருந்தார்கள்.

ஆனால் அவருக்கு நீந்தத் தெரியும். சிறுமியாக இருந்தபோது வாய்க்காலில் மதகிலிருந்து குதித்து எதிர்நீச்சல் போட்டவர். பெரியவளானதும் அம்மா அதை நிறுத்திவிட்டார். அண்ணன் அழகிரி மட்டும் தொடர்ந்து நீந்தினார். பிறகு வேலை, திருமணம், வேலை. அறுபதை எட்டியும் கழுத்தளவு தண்ணீருக்குள் அவர் மீண்டும் இறங்கவேயில்லை.

ஓய்வு பெற்ற ஆண்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாலக்கரையில் ரிஃபானாவின் வீட்டுக்குப் போயிருந்தார். ரிஃபானா அதே சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக இருந்தவர், இவரைவிட இரண்டொரு வயது இளையவர், கணவரை இழந்தவர். ரிஃபானா தம் கைப்பேசியில் ஒரு காட்சியைக் காட்டினார். இத்தாலிக்குத் தெற்கே, சிசிலித் தீவில், சிராகூசா என்னும் பழைய துறைமுக நகரம். மதிலை ஒட்டிப் பாறைகள். பாறையிலிருந்து கடலுக்குள் இறங்க இரும்புப் படிகள். அந்தப் படிகளில் தலை நரைத்த பெண்கள் நீச்சலுடையில் இறங்கி, எவரையும் பொருட்படுத்தாமல் நீந்திவிட்டு, மேலே ஏறித் துண்டைப் போர்த்திக்கொண்டு ரொட்டி தின்றார்கள். வேறொன்றும் அதில் இல்லை.

வள்ளிக்கண்ணு அதை மறுபடியும் போடச் சொன்னார்.

"எவ்ளோ தொப்பை பாரு இந்தம்மாவுக்கு," என்றார்.

"நம்மள விடவா அக்கா?"

"அதான் சொல்றேன். நம்மள மாதிரிதான் இருக்கா. யாரும் திரும்பிக்கூடப் பாக்கல பாரு."

திட்டம் அன்றைக்கே பிறந்தது. அதன்பின் ஞாயிறுதோறும் இருவரும் உட்கார்ந்து படித்தார்கள். அந்நகரின் பழைய பகுதியே ஒரு சிறு தீவு என்றும், பாலத்தால் ஊரோடு இணைந்திருக்கிறது என்றும் அறிந்து, "தீவுலேருந்து தீவுக்குத்தான் போறோமா அக்கா? அதுக்கு இங்கயே இருந்துடலாமே," என்று ரிஃபானா சிரித்தார். கிரேக்கர் கட்டிய கோயிலின் தூண்களை உள்ளடக்கிச் சுவர் எழுப்பிய தேவாலயம் ஒன்று அங்கே உண்டு. கடலோரத்தில் ஒரு நன்னீர் ஊற்றும் அதில் கோரையைப் போன்ற ஒரு செடியும் உண்டு. இவற்றையெல்லாம் அவர்கள் தேடித்தேடித் தெரிந்துகொண்டார்கள். அடுப்புள்ள சிறு வீடு ஒன்றை வாடகைக்கு எடுப்பது, அரிசி ரவையும் புளிக்காய்ச்சலும் கொண்டுபோவது, வளைகுடாவிலும் ரோமாபுரியிலும் விமானம் மாறிக் கத்தானியாவில் இறங்கிப் பேருந்து பிடிப்பது என எல்லாம் முடிவாயின. புரட்டாசியின் தொடக்கத்தில் போனால் கடல் வெதுவெதுப்பாக இருக்கும். கூட்டமும் குறைந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள்.

அந்தப் புரட்டாசி எங்கள் தெருவுக்குப் பொறுக்கவில்லை.

"புரட்டாசி சனிக்கிழமைல பெருமாளைச் சேவிக்க லோகமே இங்க வரது. நீ இங்கேர்ந்து எங்கடி கெளம்பற?" என்று ரெங்கம்மாள் கேட்டார்.

"மீதி நாளெல்லாம் நான்தான் சேவிக்கிறேனே மாமி. ரெண்டு சனிக்கிழமை அவங்க சேவிக்கட்டும்."

நீந்துவதற்காகப் போகிறேன் என்று மட்டும் அவர் எவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை எழுத எனக்கு விருப்பமில்லை.

அண்ணன் அழகிரி லால்குடியில் உரக்கடை வைத்திருப்பவர். தங்கையின் கணவர் இறந்தபோது எல்லாவற்றையும் முன்னின்று செய்தவர். இன்றைக்கும் அறுவடையானதும் மூட்டை அரிசியை அனுப்பிவைப்பவர். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். செய்தி அறிந்து ஒரு மாலையில் வந்தார். ஊஞ்சலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். எந்தத் தேதி, எத்தனை நாள், டிக்கெட் போடுவது யார் என்று விசாரித்தார். அண்ணன் குறுக்கே பேசவில்லையே என்ற மகிழ்ச்சியில் வள்ளிக்கண்ணு எல்லாவற்றையும் சொன்னார். சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகே, மாடியில் பயண அலுவலகம் நடத்தும் பிச்சமுத்து என்ற பெயரைக் கேட்டதும் அழகிரியின் முகம் மலர்ந்தது.

"நம்ம சம்பந்தி ஊர்ப் பையன். நல்லாச் செய்வான்," என்றார். காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

சில நாள்கள் கழித்து, விசாவுக்கு உரிய தாள்களை வாங்கிவர இரு பெண்களும் பிச்சமுத்துவின் அலுவலகத்துக்குப் போனார்கள். அவர் எழுந்து நின்று வரவேற்று, இருவரிடமும் ஆளுக்கோர் உறையைக் கொடுத்தார். ரிஃபானா தம் உறையைப் பிரித்தார், கத்தானியா என்றிருந்தது. வள்ளிக்கண்ணு தம் உறையைப் பிரித்தார், பிராங்பர்ட் என்றிருந்தது. போகும் நாள் புரட்டாசியில். திரும்பும் நாள் மார்கழிப் பிறப்பை ஒட்டி.

"பிச்சமுத்து, இது வேற யாரோடதோ மாறி வந்துருச்சுப்பா."

"மாறலைங்கம்மா. மாத்தித்தான் போட்டுருக்கு. அண்ணன் சொன்னாரே."

"எந்த அண்ணன்?"

"உங்க அண்ணன்தாங்க. மருமகளுக்கு ஜெர்மனியில ஐப்பசியில பிரசவமாமே. நீங்க அங்க போயி மூணு மாசம் இருந்து பாத்துக்கப் போறதா சொன்னாரு. விசாவும் ஜெர்மனி விசாதான் எடுக்கணும், எல்லாம் ரெடி பண்ணிட்டேன். உங்களுக்கு ஒரு வேலையும் இல்ல, கையெழுத்து மட்டும் போட்டா போதும்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

பிச்சமுத்துவுக்கு அந்தக் கேள்வி உண்மையாகவே விளங்கவில்லை. "அண்ணன் சொன்னதுக்கப்புறம் உங்கள எதுக்குங்கம்மா தொந்தரவு பண்றது?" என்றார்.

இந்த இடத்தை எழுதும்போது என் பேனா நிதானம் இழக்கிறது. கடவுச்சீட்டு வள்ளிக்கண்ணுவின் பெயரில் இருக்கிறது. செலவு அவருடைய ஓய்வூதியம். அந்தக் கடவுச்சீட்டுக்காகக் காவல்நிலையத்தில் போய் உட்கார்ந்து விசாரணைக்குப் பதில் சொன்னவர் அவர். ஆயினும் லால்குடிக் கடையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் கைப்பேசியில் ஒரு வார்த்தை சொன்னதும், படித்த இளைஞன் ஒருவன் ஒரு பெண்ணின் நகரத்தையே அழித்து வேறு நகரத்தை எழுதிவிடுகிறான். எழுதியவனுக்கு அது தவறாகப் படவுமில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவன் வஞ்சகன் என்றால் அவனைத் திட்டிவிட்டுப் போகலாம். அவனோ மரியாதை தெரிந்த பிள்ளை.

"அப்ப நான் மட்டும் தனியா கடல்ல போயி நிக்கணுமாப்பா?" என்று ரிஃபானா கேட்டார்.

"அத அண்ணன் ஒண்ணும் சொல்லலைங்களே," என்றார் பிச்சமுத்து.

வீட்டுக்கு வந்ததும் வள்ளிக்கண்ணு ஜெர்மனிக்குப் பேசினார். அழகிரியின் மகன் கலையரசன் அங்கே பொறியாளர். அவன் மனைவி ஜோதிதான் பிள்ளைத்தாய்ச்சி. ஜோதிக்குத் தாய் இல்லை. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது வள்ளிக்கண்ணுவின் குரல் மட்டுமே. மறுமுனைப் பேச்சை அவர் பிறகு சொன்னார்.

"அத்தை, நீங்களா ஆசைப்பட்டு வரேன்னு சொன்னதா மாமா சொன்னாங்க. அப்படி இல்லியா?"

"இல்லம்மா. நான் வேற ஊருக்குப் போறதா இருந்தேன்."

"அச்சச்சோ. எனக்குத் தெரியாது அத்தை." பிறகு, "இங்க செவிலியர் வீட்டுக்கே வந்து பாப்பாங்க, அது ஒண்ணும் பிரச்சினை இல்ல. ஆனா நம்ம மனுஷங்க யாராவது ஒருத்தர் பக்கத்துல இருந்தா நல்லாருக்கும்னு தோணுது. பொய் சொல்ல மாட்டேன்," என்றாள்.

அந்தப் பேச்சுக்குப் பிறகு வள்ளிக்கண்ணு இரண்டு நாள்கள் சரியாகச் சாப்பிடவில்லை. கோபம் அண்ணன் மேல். ஆனால் அதைச் செலுத்தும் வழியில் தாயில்லாத பெண் ஒருத்தி நிற்கிறாள். எத்தனையோ பெண்களின் கையைப் பிடித்துக்கொண்டு பிரசவ அறையில் நின்றவருக்கு, இந்த ஒரு கையை உதறுவது எளிதன்று. "போயிடலாமான்னு இருக்கு," என்று என்னிடமே சொன்னார். அடுத்த நொடியில், "போனேன்னா இனிமே எப்பவும் இப்படித்தான் போவேன்," என்றும் சொன்னார்.

ஞாயிறன்று அழகிரி மனைவி பாப்பாயியுடன் வந்தார். பாப்பாயி கையில் ஒரு தூக்கு. அதில் பிரசவ லேகியம். வந்தவர்கள் அதை வள்ளிக்கண்ணுவின் அலமாரியில் வைத்தார்கள், பயணம் உறுதியாகிவிட்டதைப்போல. என்னையும் கூப்பிட்டதால் நானும் போய் உட்கார்ந்தேன்.

"எனக்குத் தெரியாம எப்படிண்ணே மாத்துனீங்க?" என்று வள்ளிக்கண்ணு கேட்டார்.

"தெரியாம என்ன? இப்பச் சொல்லத்தானே வந்திருக்கேன். போறதுதான் போற, ஐரோப்பாதானே. அங்க போயி நம்ம பிள்ளையையும் பாத்துக்கிட்ட மாதிரி இருக்கும். சனி ஞாயிறுல கலை உன்னை எங்கயாவது கூட்டிட்டுப் போவான்."

"நான் எங்கயாவது போகணும்னு கெளம்பலண்ணே. சிராகூசாவுக்குப் போகணும்னு கெளம்புனேன்."

"அங்க என்ன இருக்கு? யாரு இருக்கா?"

"கடல் இருக்கு. நீந்தப் போறேன்."

அழகிரி என்னைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். "இந்த வயசுலயா? நர்சு வேலை பாத்த உனக்கு ஒரு பிரசவத்தோட அருமை தெரியாதா? நீயும் ஒண்ணு பெத்திருந்தா தெரிஞ்சிருக்கும்," என்றார்.

சொன்ன பிறகுதான் தாம் என்ன சொன்னோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். ஊஞ்சலின் ஆட்டம் நின்றது. வள்ளிக்கண்ணு அழவில்லை. தம் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வாய் திறந்திருந்தால் அந்த வீட்டில் விருந்தினருக்கு உரிய மரியாதையை மீறியிருப்பேன்.

பேசியவர் பாப்பாயி.

"நான் ஒண்ணு பெத்தேனே," என்றார். "எனக்கு அருமை தெரியும்ல? என்னை ஏன் அனுப்பல?"

"உனக்கு முட்டி வலி. நீ எங்க போவ?"

"எனக்கு முட்டி வலின்னு யாரு சொன்னா?"

"நீதான் சொல்வ, படி ஏறும்போது."

"படி ஏறும்போது எல்லாருக்கும்தான் வலிக்கும். உங்களுக்கு வலிக்கலையா? அதுக்காக வயலுக்குப் போகாம இருக்கீங்களா? மூணு வேளையும் அடுப்புக்கிட்ட நிக்கிறேன், அங்க வலிக்காதா? அங்கல்லாம் நின்னா வலிக்காத முட்டி, ஏரோப்ளேன்ல உக்காந்தா வலிக்குமா?"

"இப்ப எதுக்கு இதெல்லாம், அடுத்தவங்க வீட்ல."

"உங்க தங்கச்சி வீடுதான். கேட்டுக்க வள்ளி. நான் மூணு மாசம் போனா இவருக்குச் சோறு பொங்க ஆளு இல்ல. சட்னி அரைக்க ஆளு இல்ல. அதான் எனக்கு முட்டி வலி. என் பேரப்பிள்ளையைப் பாக்க நான் போகணும்னு ஒருத்தருக்கும் தோணல. எம்மகன்கூடக் கேக்கல. அப்பா சொன்னா சரின்னுட்டான்."

அழகிரியின் முகத்தைப் பார்த்தபோது, அந்தக் காரணத்தை அவர் தமக்குத்தாமே ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை என்று எனக்குத் தோன்றியது. அது அவரை மன்னிக்கப் போதுமான காரணம் அன்று. சாப்பாடு தட்டில் வந்துகொண்டே இருந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று எண்ணிப் பார்க்காமலே ஒருவர் எழுபது வயதை நெருங்கிவிடலாம். அதற்கிடையில் ஒரு பெண்ணின் கடலையும் இன்னொரு பெண்ணின் பேரப்பிள்ளையையும் அவர் கேளாமலே எடுத்துக்கொள்ளலாம்.

"அண்ணி, பாஸ்போர்ட் இருக்கா?" என்று வள்ளிக்கண்ணு கேட்டார்.

"கலை கல்யாணம் முடிஞ்ச வருஷம் எடுத்தது. பீரோவுல புடவைக்கு அடியில கெடந்துச்சு. நான் கொண்டாந்துருக்கேன்," என்று பாப்பாயி இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்தார்.

கேட்க ஓர் ஆள் கிடைக்குமா என்று தெரியாமலே, லேகியத் தூக்கோடு அதையும் மடியில் முடிந்துகொண்டு வந்திருக்கிறார்.

அழகிரி காப்பியைத் தொடாமல் எழுந்தார். "என்னமோ பண்ணுங்க," என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு தனியே லால்குடி பஸ் ஏறினார். பாப்பாயி அன்று திருவரங்கத்திலேயே தங்கிவிட்டார்.

மறுநாள் மூன்று பெண்களும் பிச்சமுத்துவின் மாடிக்குப் போனார்கள். வள்ளிக்கண்ணு தாம் வந்த காரியத்தைத் தெளிவாகச் சொன்னார்: தம் பயணச்சீட்டைப் பழையபடி கத்தானியாவுக்கு மாற்றவேண்டும், பிராங்பர்ட்டுக்கு அண்ணிக்குப் புதிதாகப் போடவேண்டும். பிச்சமுத்து தலையை ஆட்டினார், கணினியைத் தம் பக்கம் திருப்பினார், பிறகு கைப்பேசியை எடுத்தார்.

"யாருக்குப்பா போன்?"

"அண்ணனுக்குத்தாங்க. ஒரு வார்த்தை அவர் காதுல போட்டுருவோம். நாளைக்கு என் மேல வருத்தப்படக் கூடாதுல்ல."

"நான் வருத்தப்பட்டா?"

"நீங்க நம்ம வீட்டு ஆளுங்கம்மா," என்று அவர் சிரித்தார்.

வள்ளிக்கண்ணு மேசையிலிருந்த தம் கடவுச்சீட்டையும் அண்ணியின் கடவுச்சீட்டையும் எடுத்துக் கைப்பைக்குள் வைத்தார். ரிஃபானாவும் தம்முடையதை எடுத்துக்கொண்டார். "நல்லா இருப்பா," என்று சொல்லிவிட்டு வள்ளிக்கண்ணு படியிறங்கினார். அந்த வார்த்தையில் அவர் சிறிதும் கசப்பைச் சேர்க்கவில்லை என்று ரிஃபானா பிறகு சொன்னார். நானாக இருந்தால் சேர்த்திருப்பேன்.

சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடை வாசலில் நீளப் பெஞ்சு. மூவரும் அதில் உட்கார்ந்தார்கள். பஸ் ஓட்டுநர்கள் ஹாரனை அடிக்க, துவாக்குடி துவாக்குடி என்று நடத்துநர் ஒருவர் கத்த, ரிஃபானா கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கிக்கொண்டு கைப்பேசியில் விமானம் தேடினார். ஒவ்வொரு கட்டத்தையும் உரக்கப் படித்தார். வள்ளிக்கண்ணு கடவுச்சீட்டைத் திறந்து பதில் சொன்னார். தவறாக அழுத்தி ஒருமுறை எல்லாம் அழிந்து மறுபடியும் தொடங்கினார்கள். வள்ளிக்கண்ணுவின் கத்தானியா முடிந்தது. பிராங்பர்ட்டைத் தொடங்கினார்கள்.

"அண்ணி, ஜன்னல் சீட்டா, நடுவுலயா?"

"ஜன்னல்தான். பின்ன எதுக்கு அவ்ளோ தூரம் போறேன்?"

அப்போது பாப்பாயியின் மடியில் கைப்பேசி ஒலித்தது. அவர் அதைக் கண்ணுக்கு அருகே பிடித்துப் பார்த்தார்.

"அவர்தான் கூப்பிடுறாரு."

"எடுங்க அண்ணி, பாவம்," என்றார் வள்ளிக்கண்ணு.

"முதல்ல இத முடிங்க," என்று பாப்பாயி கைப்பேசியைச் சுருக்குப்பைக்குள் போட்டு அதன் வாயை இறுக்கினார். "எடுத்தா மாவு எங்க இருக்குன்னு கேப்பாரு."